பிஞ்சுக் கைகள் நடத்தும் சோதனைகள்

நான்கு வயதுக் குழந்தையின் முன்னால் ஒரு பெட்டி இருக்கிறது. சில மணிகளை அதன் மேல் வைத்தால் விளக்கு எரிந்து பாட்டு ஒலிக்கும். வேறு சில மணிகளுக்கு ஒன்றும் நடக்காது. இதைக் குழந்தை பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு, ஒன்றோடொன்று மாட்டிய இரண்டு மணிகளைக் காட்டுகிறார்கள். சேர்த்து வைத்தால் பாட்டு கேட்கிறது. இரண்டில் எது காரணம்? கிளேர் குக், நோவா குட்மன், லாரா ஷுல்ஸ் ஆகிய மூவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள், யாரும் சொல்லாமலேயே, மணிகளைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தார்கள். எல்லா மணிகளும் வேலை செய்வதை முன்பே கண்டிருந்த இன்னொரு குழுவினரில் அப்படிச் செய்தவர்கள் மிக அரிது. அவர்களுக்கு அங்கே கண்டுபிடிக்க எதுவும் இல்லையே!

அடுத்த கட்டத்தில், பிரிக்கவே முடியாதபடி ஒட்டிய ஜோடி மணிகளைக் கொடுத்தார்கள். அப்போதும் சில குழந்தைகள் விடவில்லை. ஜோடியைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு முனை மட்டும் பெட்டியைத் தொடும்படி வைத்துப் பார்த்தார்கள். ஆய்வாளர்கள் யாரும் மணியை அப்படி வைத்துக் காட்டியிருக்கவில்லை. அந்த வழியைக் குழந்தைகளின் கைகளே கண்டுபிடித்தன. பல காரணங்கள் கலந்து கிடக்கும்போது ஒன்றை மட்டும் தனியாக்கிச் சோதிப்பது அறிவியலின் அடிப்படை முறை. பள்ளி ஆய்வகத்தில் பல ஆண்டுகள் கழித்துப் பாடமாக வரப்போகும் அதே முறையை, பெயர் தெரியாமல், விளக்கிச் சொல்லவும் தெரியாமல், மழலைகள் செய்து காட்டியிருக்கிறார்கள்.

மழலையர் வகுப்பில் 'செய்து கற்றல்' என்று எதைச் சொல்ல வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. குழந்தையிடம் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. அதைக் கையால் சோதிக்க வழி இருந்தது. கையில் இருந்த பொருள் ஆம், இல்லை என்று பதில் சொன்னது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் கைகள் சுறுசுறுப்பாக இருக்கும், கற்றல் நடக்காது. ஆசிரியை வெட்டிக் கொடுத்த ஆட்டுப் படத்தின் மேல் இருபது குழந்தைகளும் பஞ்சு ஒட்டி, இருபது ஒரே மாதிரியான ஆடுகளைச் சுவரில் தொங்கவிடும் வகுப்புகள் எத்தனையோ உண்டு. விரல்களுக்குக் கொஞ்சம் பயிற்சி என்பதைத் தவிர அதில் குழந்தைக்கு என்ன கேள்வி இருந்தது, பஞ்சு என்ன பதில் சொன்னது?

கை ஒரு பொருளை அறியும் விதத்தையே கவனித்துப் பாருங்கள். சூசன் லெடர்மன், ராபர்ட்டா கிளாட்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1987-இல் அதை வகைப்படுத்தினார்கள். சொரசொரப்பை அறிய விரல்களைப் பக்கவாட்டில் தேய்க்கிறோம். கடினத்தை அறிய அழுத்துகிறோம். சூட்டை அறிய அசையாமல் தொட்டுக்கொண்டிருக்கிறோம். எடையை அறியத் தூக்கிப் பார்க்கிறோம். வடிவத்தை அறியக் கைக்குள் பொத்திப் பிடிக்கிறோம், ஓரங்களின் மேல் விரலை ஓட்டுகிறோம். அறிய விரும்பும் பண்பு மாறினால் கையின் அசைவும் மாறுகிறது. பைக்குள் கையை விட்டு, பார்க்காமலேயே உள்ளே இருப்பது என்ன என்று சொல்லும் விளையாட்டு இன்றும் மழலையர் வகுப்புகளில் நிலைத்து நிற்பதற்குக் காரணம் உண்டு. கண்ணுக்கு ஓய்வு கொடுத்தால் இத்தனை அசைவுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வருகின்றன.

மருத்துவரான மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரின் சான் லோரென்சோ பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அவருடைய வகுப்புகளுக்கென உருவான பொருள்களில் இந்த நுட்பம் நிறையவே இருக்கிறது. இளஞ்சிவப்புக் கோபுரம் என்பது பத்து மரக் கனசதுரங்கள். மிகச் சிறியதன் பக்கம் 1 செ.மீ., மிகப் பெரியதன் பக்கம் 10 செ.மீ. பக்க அளவு பத்து மடங்குதான் கூடுகிறது. கன அளவோ 1 கன செ.மீ.-லிருந்து 1,000 கன செ.மீ. ஆகிறது. சின்னதை இரண்டு விரல்களால் கிள்ளி எடுக்கும் குழந்தை பெரியதை இரு கைகளாலும் அணைத்துத் தூக்குகிறது. கண் சொல்லும் வேறுபாட்டைவிடத் தோள் சொல்லும் வேறுபாடு பெரியது. நிறம் ஒன்றே, மரம் ஒன்றே. மாறுவது அளவு மட்டும். எனவே குழந்தையின் கவனம் அளவைத் தவிர வேறெங்கும் சிதறுவதில்லை.

அவருடைய உருளைக் கட்டை இன்னும் ஒரு படி மேலே போகிறது. நீண்ட மரக்கட்டையில் பத்துக் குழிகள், ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் ஓர் உருளை. மெல்லிய உருளையை அகன்ற குழியில் போட்டால் அது உள்ளே லொடலொடவென்று ஆடுமே தவிர, குழந்தைக்குத் தவறு உடனே தெரியாது. அடுத்தது, அதற்கடுத்தது என்று போய், கடைசியில் ஓர் உருளை கையில் மிஞ்சும். காலியாக இருக்கும் குழியில் அது நுழையாது. "தப்பு" என்று யாரும் சொல்லவில்லை. இருந்தாலும் குழந்தை நின்று, எல்லா உருளைகளையும் மேலும் கீழும் பார்த்து, ஆடுகிறதை வெளியே எடுக்கும். அந்த நேரத்தில் பெரியவர்கள் வாயைத் திறக்காமல் இருப்பது கடினம். ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அந்தக் கட்டையே செய்யப்பட்டிருக்கிறது.

கையின் உடலமைப்பையும் மறந்துவிடக் கூடாது. நம் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை பொதுவாகக் குருத்தெலும்பாகவே இருக்கும். பிறகு ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக எலும்பாக மாறும். கடைசியாக வரும் பட்டாணி எலும்பு ஏறத்தாழ ஒன்பது வயதுக்கு மேல்தான் எலும்பாகத் தொடங்கும். மூன்று வயதுக் கையில் பென்சிலைத் திணித்து வரிவரியாக எழுத வைப்பதைவிட, களிமண் பிசையவும் மணி கோக்கவும் இடுக்கியால் பொருள்களை எடுத்து வைக்கவும் விடுவது அந்தக் கைக்குப் பொருத்தமான வேலை.

எண்களுக்கு வருவோம். ஒன்று முதல் இருபது வரை கடகடவென்று ஒப்பிக்கும் மூன்று வயதுக் குழந்தையிடம் ஒரு கிண்ணம் நிறையப் பொத்தான்களைக் கொடுத்து, "எனக்கு நான்கு எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கையில் வந்ததை அள்ளிக் கொடுத்துவிடும். கேரன் வின் என்ற உளவியலாளர் 1990-களின் தொடக்கத்தில் இந்த எளிய சோதனையைக் கொண்டு ஒரு வரிசையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். குழந்தைக்கு முதலில் 'ஒன்று' மட்டும் பொருள்படுகிறது. சில மாதங்கள் கழித்து 'இரண்டு', மேலும் சில மாதங்கள் கழித்து 'மூன்று'. அதன் பிறகு ஏறத்தாழ மூன்றரை, நான்கு வயதில், எண்ணும்போது கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்த எண்ணிக்கை என்பது திடீரென்று பிடிபடுகிறது. அதற்குப் பிறகு நான்கு கேட்டால் நான்கு, ஆறு கேட்டால் ஆறு. ஒப்பிப்பதற்கும் இதற்கும் இடையே பல மாத இடைவெளி இருக்கிறது. ஒப்பித்ததைக் கேட்டுப் பெருமைப்பட்ட பெற்றோர் பலருக்கு இது தெரிவதில்லை. தெரிந்தால், "சொல்லிக் காட்டு" என்பதற்குப் பதிலாக "எடுத்துக் கொடு" என்று கேட்பார்கள்.

இந்த இடைவெளியில் கை என்ன உதவி செய்ய முடியும்? கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு அருமையானது. ஒரே வரிசையில் ஒரே அளவான கட்டங்கள், அவற்றில் 1 முதல் 10 வரை எண்கள். சுழலும் முள் 1 அல்லது 2-இல் நிற்கும். குழந்தை தன் காயை அத்தனை கட்டம் நகர்த்தி, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். இரண்டு வாரங்களில் நான்கு முறை, முறைக்கு 15 நிமிடம். ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த மழலைகளின் எண்ணறிவு இந்தச் சிறிது நேரத்திலேயே தெளிவாக உயர்ந்தது. எண்களுக்குப் பதிலாக வண்ணங்கள் இருந்த அட்டையில் விளையாடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

ஏன் என்று யோசித்தால் கையின் பங்கு புரியும். எட்டாம் கட்டத்தை அடைந்த காய் நான்காம் கட்டத்தை அடைந்ததைப் போல இரு மடங்கு தூரம் போயிருக்கிறது. கை அதிக முறை அசைந்திருக்கிறது, வாய் அதிகச் சொற்களைச் சொல்லியிருக்கிறது, நேரமும் அதிகம் ஆகியிருக்கிறது. எட்டு நான்கைவிடப் பெரியது என்பதை உடல் நான்கு வழிகளில் ஒரே சமயத்தில் உணர்கிறது. இதில் ஒரு சின்ன விதி எல்லாவற்றையும் தாங்கி நிற்கிறது. ஐந்தாம் கட்டத்தில் இருக்கும் குழந்தைக்கு 2 விழுந்தால் "ஆறு, ஏழு" என்று சொல்லி நகர்த்த வேண்டும். "ஒன்று, இரண்டு" என்று சொல்லி நகர்த்தினால் பலன் குறைந்துவிடுவதைப் பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. அட்டை அதேதான், காய் அதேதான், கை அசைவும் அதேதான். எண்ணிய முறை மாறியதும் கற்றல் மெலிந்துவிட்டது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பொருள் கண்ணைப் பறிப்பதாக இருந்தால் குழந்தை நன்றாகக் கற்கும் என்று நாம் எளிதாக நம்பிவிடுகிறோம். ஜூடி டிலோச் 1987-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். அறை ஒன்றின் சிறிய மாதிரியில் ஒரு குட்டி பொம்மையை ஒளித்துவைத்துக் காட்டிவிட்டு, உண்மையான அறையில் அதே இடத்தில் இருக்கும் பெரிய பொம்மையைத் தேடச் சொன்னார். மூன்று வயதுக் குழந்தைகள் நேராகப் போய் எடுத்தார்கள். இரண்டரை வயதுக் குழந்தைகள் திணறினார்கள். அந்த மாதிரி அறை ஒரு விளையாட்டுப் பொருள், அதே சமயம் வேறொன்றைக் குறிப்பது. இரண்டையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்வது சின்னக் குழந்தைக்குப் பெரும் பாடு. வியப்பான பகுதி அடுத்துத்தான் வருகிறது. மூன்று வயதுக் குழந்தைகளை முன்கூட்டியே அந்த மாதிரியோடு விளையாட விட்டபோது, தேடலில் அவர்கள் பின்தங்கினார்கள். மாதிரியைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தபோது இரண்டரை வயதுக் குழந்தைகள் முன்னேறினார்கள். பொருள் தன்னளவிலேயே சுவையானதாக ஆக ஆக, அது எதைக் குறிக்கிறது என்பது மறைந்துபோகிறது. எண்ணக் கற்றுக்கொடுக்கக் குட்டி டைனோசர்களைக் கொடுத்தால் குழந்தை டைனோசர்களுக்குள் சண்டை மூட்டிவிடும். எண்ணுவதற்கு வெறும் கட்டையோ பொத்தானோ போதும். டைனோசர்களுக்குக் கதை நேரம் இருக்கிறது.

பெரியவர் எப்போது குறுக்கிட வேண்டும் என்பது மிகவும் நுணுக்கமான விஷயம். எலிசபெத் போனவிட்ஸும் அவருடைய குழுவினரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், குழாய்களால் ஆன ஒரு பொம்மை நான்கு வேலைகளைச் செய்தது. ஒரு குழாயை இழுத்தால் அது கீச்சென்று ஒலிக்கும். மற்ற மூன்றும் வெளியே தெரியாமல் ஒளிந்திருந்தன. "இந்தப் பொம்மை எப்படி வேலை செய்கிறது பார்" என்று பாடம்போல அந்தக் கீச்சொலியைக் காட்டிக் கொடுத்தபோது, குழந்தைகள் அதையே செய்துவிட்டுச் சீக்கிரம் விலகினார்கள். தற்செயலாக ஒலித்ததுபோலக் காட்டிவிட்டுக் கொடுத்தபோது நீண்ட நேரம் துருவி, மற்ற வேலைகளையும் அதிகமாகக் கண்டுபிடித்தார்கள். குழந்தையின் கணக்கும் சரிதானே? தெரிந்தவர் ஒருவர் முழுதாகக் கற்பிக்க வந்து ஒன்றை மட்டும் காட்டினால், அதற்கு மேல் இல்லை என்றுதான் யாரும் முடிவு கட்டுவார்கள். இதற்காக எதையுமே காட்டிக் கொடுக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். கத்தரிக்கோலை எப்படிப் பிடிப்பது என்று காட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கிய களிமண் உருண்டையை மிதக்க வைக்கும் வழியைக் காட்டிவிட்டால், குழந்தை செய்ய வேண்டியது ஒன்றும் மிச்சமில்லை.

வெற்றியை மட்டும் வைத்துக் கற்றலை அளப்பதும் சரிவராது. அனெட் கார்மிலாஃப்-ஸ்மித், பார்பல் இன்ஹெல்டர் இருவரும் 1970-களில் குழந்தைகளிடம் கட்டைகளைக் கொடுத்து ஒரு கம்பியின் மேல் சரியாமல் நிறுத்தச் சொன்னார்கள். சில கட்டைகளின் ஒரு முனைக்குள் ஈயம் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. நான்கைந்து வயதுக் குழந்தைகள் கட்டை சாயும் பக்கத்தைக் கையால் உணர்ந்து, நகர்த்தி நகர்த்தி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். ஆறேழு வயதுக் குழந்தைகள் எந்தக் கட்டையையும் நடுவில் வைத்தார்கள். ஈயக் கட்டை விழுந்ததும் "இது நிற்காது" என்று ஒதுக்கிவிட்டார்கள். எட்டொன்பது வயதில் எடையையும் கணக்கில் சேர்த்து மீண்டும் வென்றார்கள். இடையில் தோற்ற குழந்தைகள் பின்னடையவில்லை. கட்டைகள் நடுவில் நிற்கும் என்ற முதல் கொள்கையை அவர்கள் கட்டியெழுப்பியிருந்தார்கள். கொள்கை இருந்ததால்தான் அது உடைய முடிந்தது. நேற்றுவரை எளிதாகச் செய்ததை இன்று ஒரு குழந்தை பிடிவாதமாகத் தவறாகச் செய்தால், ஆசிரியர் அதன் தலைக்குள் புதிதாக என்ன உருவாகிறது என்று விசாரிப்பது நல்லது.

எழுத்துப் பயிற்சியிலும் இதே கதைதான். கேரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் இருவரும் 2012-இல், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளிடம் சில எழுத்துகளைக் கையால் எழுதவும், சிலவற்றைக் கோட்டின் மேல் வரையவும், சிலவற்றை விசைப்பலகையில் தட்டவும் சொன்னார்கள். பிறகு மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். வாசிக்கும்போது இயங்கும் பகுதிகள், தானாகக் கையால் எழுதிய எழுத்துகளைப் பார்க்கும்போதே தெளிவாக விழித்துக்கொண்டன. குழந்தை தானாக எழுதும் எழுத்து ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக வரும்: ஒன்றில் வளைவு பெரிது, ஒன்றில் கால் சாய்ந்திருக்கும். இத்தனை கோணல்களையும் ஒரே எழுத்தாக அடையாளம் காணப் பழகுவதால்தான் மூளைக்கு அந்த எழுத்தின் சாரம் பிடிபடுகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். புள்ளிக்கோட்டின் மேல் இழுக்கும் பயிற்சித்தாளில் எல்லா எழுத்தும் ஒரே அச்சில் வருகிறது, இந்த வேறுபாடே கிடைப்பதில்லை. அந்தத் தாளுக்கு முன்பாகவே மணல் தட்டும், கரும்பலகையும், வெற்றுத் தாளும் குழந்தைக்குக் கிடைக்க வேண்டும். கோணலாக வந்த எழுத்தை அழித்துத் திருத்திக் கொடுக்க அவசரப்படவும் வேண்டாம்.