ஸ்பிரைட்டுக்குத் தமிழில் பாவை

ஸ்பிரைட் என்றதும் பெரும்பாலோருக்குக் குளிர்பானம்தான் நினைவுக்கு வரும். கணினியில் சின்னதாக ஒரு விளையாட்டு செய்து பார்த்தவர்களுக்கு அந்தச் சொல் வேறு ஒன்றைக் காட்டும். திரையில் ஓடுகிற ஆள், அவன் மேல் பாய்கிற குண்டு, சுழல்கிற காசு என்று பின்னணியிலிருந்து விலகித் தனியாக அசைகிற ஒவ்வொரு படமும் ஸ்பிரைட்தான். லினக்ஸில் விளையாட்டு உருவாக்க உதவும் கோடோ என்ற செயலியைத் திறந்து ஒரு 2டி விளையாட்டைத் தொடங்கினால், முதலில் சேர்க்கும் நோடுகளில், அதாவது விளையாட்டைக் கட்டும் உறுப்புகளில், ஒன்றின் பெயரே ஸ்பிரைட்2டி. பிள்ளைகள் நிரல் எழுதப் பழகும் ஸ்கிராட்ச்சில் முதலில் வந்து நிற்கிற பூனையும் ஸ்பிரைட்தான்.

சொல்லின் வேர் மூச்சு. லத்தீனில் ஸ்பிரிட்டுஸ் என்றால் மூச்சு; அதிலிருந்தே உயிர், ஆவி என்ற பொருள்களும் வந்தன. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது காட்டிலும் நீர்நிலையிலும் திரிகிற குட்டித் தேவதைக்கு ஸ்பிரைட் என்று பெயராயிற்று. மூச்சிலிருந்து உயிருக்குப் போன இந்த வழி நமக்கும் பழக்கமானதுதான். உயிர்த்தல் என்றால் பழந்தமிழில் மூச்சுவிடுதல். குளிர்பானத்தின் பெயரும் இதே தேவதை வழியில் வந்தது: 1940களில் கோக்க கோலா விளம்பரங்களில் ஸ்பிரைட் பாய் என்றொரு குறும்புப் பையன் வந்துகொண்டிருந்தான்.

சரி, தேவதை எப்படிக் கணினிக்குள் வந்தது? 1979-ல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஎம்எஸ்9918 என்ற சில்லு வந்தது. வீட்டுக் கணினியின் படத்தைத் தொலைக்காட்சிக்கு அனுப்புவது அதன் வேலை. அந்தக் காலத்துக் கணினிக்கு நினைவகமும் குறைவு, வேகமும் குறைவு. ஓர் உருவத்தை நகர்த்த வேண்டுமென்றால் பழைய இடத்தில் அதை அழித்து, அடியில் இருந்த பின்னணியைத் திரும்ப வரைந்து, புதிய இடத்தில் உருவத்தை வரைய வேண்டும். அதற்குள் ஆட்டம் திணறிவிடும். அந்தச் சில்லு இந்த வேலையைத் தன் மேல் போட்டுக்கொண்டது. பின்னணியைத் தொடாமல், படம் திரைக்குப் போகிற நேரத்தில் மட்டும் உருவத்தை அதன் மேல் வைத்துக் காட்டியது. நிரல் எழுதுபவர் இரண்டு எண்களை, அதாவது கிடை இடத்தையும் நெடு இடத்தையும், மாற்றினால் போதும். அடியில் இருப்பதைச் சிதைக்காமல் மேலே மிதந்து போகிற ஒன்றுக்கு ஆவியின் பெயர் பொருந்தியது. மொத்தம் 32 ஸ்பிரைட்டுகள், ஆனால் ஒரே கிடைவரியில் 4 மட்டும். ஐந்தாவது அந்த வரியில் தெரியாது.

எல்லோரும் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை. அட்டாரி நிறுவனம் இதைப் பிளேயர், மிஸைல் என்று பிரித்துச் சொன்னது. 1982-ல் வந்த கமடோர் 64 என்ற வீட்டுக் கணினியின் சில்லில் இதே வசதிக்கு எம்ஓபி என்றொரு பெயரும் உண்டு. நகரக்கூடிய உருத்துண்டு என்று விரியும். நின்றது ஸ்பிரைட்தான். கமடோர் 64-ல் ஒரு ஸ்பிரைட் 24 புள்ளி அகலம், 21 புள்ளி உயரம். எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட் என்று ஒரு வரிக்கு 3 பைட், மொத்தம் 63 பைட். கட்டம் போட்ட தாளில் கட்டங்களை நிரப்பி, எட்டெட்டுக் கட்டமாகக் கூட்டி, 63 எண்களாக எழுதிக்கொண்டு அதைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஓர் எண் தவறினால் ஆளின் காது தோளில் முளைக்கும்!

இன்றைய கிராஃபிக்ஸ் அட்டைகளில் அப்படித் தனி வன்பொருள் கிடையாது. கோடோவில் வைக்கிற ஸ்பிரைட் உள்ளுக்குள் ஒரு செவ்வகம், அதன் மேல் ஒட்டிய படம், அவ்வளவுதான். வன்பொருள் போய்விட்டது, பெயர் நிலைத்துவிட்டது. 2016-ல் ஏஸ்பிரைட் என்ற ஓவியச் செயலி தன் உரிமத்தை மாற்றியபோது, யாரும் மாற்றிப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற உரிமத்தில் இருந்த கடைசிப் பதிப்பிலிருந்து கிளைத்த செயலிக்கு லிப்ரேஸ்பிரைட் என்றே பெயர் வைத்தார்கள்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? ஆவி என்று நேராகப் பெயர்த்தால் பேயும் இட்லிப் பானையும்தான் நினைவுக்கு வரும். பாத்திரம் என்றால் நாயகனுக்குச் சரி, குண்டுக்கும் காசுக்கும் சரிவராது. உருவம் மிகப் பொதுவான சொல். அசைபடம் அனிமேஷனுக்கு ஏற்கெனவே வழங்குகிறது. தவிர, அசையாமல் நிற்கிற ஸ்பிரைட்டும் உண்டு.

நான் பாவை என்று சொல்கிறேன். பல நாள் யோசித்து வந்து சேர்ந்த சொல் இது. பாவை என்றால் செய்துவைத்த உருவம். தானாக உயிரில்லாவிட்டாலும் உயிருள்ளதுபோல் இயங்குவது. மரப்பாவை நாணால் உயிர் மருட்டுகிறது என்கிறது 1020-ஆம் குறள். கயிற்றில் ஆடுகிற மரப்பொம்மை உயிருள்ளதாக நம்மை மயக்குகிறது. 1058-ஆம் குறளில் மரப்பாவை சென்று வருகிறது. திரையில் ஸ்பிரைட் செய்வதும் இதுதான்: சென்று வருகிறது, உயிர் மருட்டுகிறது. நாண் இருந்த இடத்தில் இப்போது நம் நிரல் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லுக்குள் இருக்கும் உயிரும் இதில் விட்டுப்போகவில்லை.

தோற்பாவைக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னும் எளிதாகப் புரியும். தட்டையான தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய உருவம், விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைத் திரை மேல் நகர்கிறது. பாலக்காட்டுப் பக்கம் கோயில் கூத்துமாடங்களில் கம்பராமாயணத்தைப் பாடி ஆட்டும்போது, ராமனுக்கே நிற்கிற பாவை, உட்கார்ந்த பாவை, நடக்கிற பாவை, போரிடுகிற பாவை எனத் தனித்தனியாக வைத்திருப்பார்கள். ஒரே ஆளின் பல நிலைகளை ஒரே படத்தில் வரிசையாக வரைந்து வைக்கிற ஸ்பிரைட் ஷீட்டும் இதே ஏற்பாடுதான். அதைப் பாவைத்தாள் என்கிறேன்.

பாவை என்றால் பெண் இல்லையா என்று கேட்கலாம். அந்தப் பொருளும் உண்டு, கண்ணின் மணிக்கும் பாவை என்ற பெயர் உண்டு. ஆனால் "பாவையின் இடத்தை நான்கு புள்ளி வலப்பக்கம் தள்ளு" என்று படிக்கும்போது யாரும் குழம்பப் போவதில்லை.

என் பழைய மடிக்கணினியில் லினக்ஸ்தான் ஓடுகிறது. அதில் ஒரு கொக்கு விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன். லிப்ரேஸ்பிரைட்டில் 32-க்கு 32 புள்ளியில் கொக்கின் நடையை நான்கு நிலைகளாக வரைந்தேன்: கால் தூக்குவது, முன்னே நீட்டுவது, ஊன்றுவது, கழுத்தை இழுத்துக்கொள்வது. பாவைத்தாள் 128-க்கு 32. கோடோவில் கிடைச்சட்டங்கள் நான்கு என்று கொடுத்ததும் தாளைத் தானே பிரித்துக்கொண்டது. பெரிதாக்கியபோது கொக்கு மங்கலாகத் தெரிந்தது. புள்ளி ஓவியம் வரைகிற எல்லோருக்கும் முதல் நாளில் வருகிற சந்தேகம் இது. பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து மென்மையாக்குவதுதான் இயல்பமைப்பு. கோடோவில் படத்தின் வடிகட்டி அமைப்பை 'அருகிலுள்ளது' என்று மாற்றினால் கட்டங்கள் கூர்மையாக நிற்கும். அப்புறம், நோடுக்குத் தமிழிலேயே கொக்குப்பாவை என்று பெயர் வைத்தேன். கோடோ 4-ல் எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் என்ற நிரலகம் இருப்பதால் 'வை'யின் கொம்பு வகரத்துக்கு முன்னால் சரியாக நிற்கிறது.

பெயர் வைத்தபின் ஒரு குழப்பம் தீர்ந்தது. வட்டில் இருக்கிற கோப்பு படம்; அதை எடுத்துக் காட்சியில் ஓரிடத்தில் நிறுத்தும்போதுதான் அது பாவை. முதலில் இரண்டையும் ஸ்பிரைட் என்றே சொல்லிக்கொண்டிருந்ததால், ஒவ்வொரு கொக்குக்கும் படத்தைத் தனியாக நகலெடுத்து வைத்திருந்தேன். இப்போது என் வயலில் இருபது கொக்குகள் மேய்கின்றன. படம் ஒன்று, பாவை இருபது.