ஹெபடெக்டமி: கல்லீரல் பகுதி நீக்கம்

கல்லீரலின் ஒரு பகுதியை அறுத்து எடுப்பதுதான் ஹெபடெக்டமி. டாக்டர்கள் தங்களுக்குள் 'லிவர் ரிசெக்‌ஷன்' என்று பேசிக்கொள்வதும் இதையே. கல்லீரலிலேயே தோன்றிய புற்றுக்கட்டி ஓரிடத்தில் அடங்கியிருந்து, மீதி ஈரல் நன்றாக இருந்தால் முதலில் யோசிக்கும் சிகிச்சை இது. கர்ப்பிணிகளுக்கு இந்தப் புற்றுநோய் வருவது மிக அரிது. ஆனால் வந்துவிட்டால் இந்தச் சொல் அந்தக் குடும்பத்தின் காதில் அன்றாடம் விழும்.

கிரேக்க மொழியில் 'ஹேபர்' என்றால் கல்லீரல். ஹெபடைட்டிஸ் (ஈரல் அழற்சி), ஹெபாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) எல்லாம் இந்த வேரில் முளைத்தவை. 'எக்' என்றால் வெளியே, 'டோமே' என்றால் வெட்டு. இரண்டும் சேர்ந்த 'எக்டமி'யை வெட்டி வெளியே எடுத்தல் எனலாம். அப்பெண்டெக்டமி, ஹிஸ்டரெக்டமி ஆகியவற்றின் வாலும் இதுவே.

அவற்றைக் குடல்வால் நீக்கம், கருப்பை நீக்கம் என்று தமிழில் சொல்கிறோம். சரி, அங்கே அந்தச் சொல் பொருந்துகிறது. அதே அச்சில் ஹெபடெக்டமியைக் 'கல்லீரல் நீக்கம்' என்று எழுதுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கல்லீரல் இல்லாமல் மனிதர் உயிர்வாழ முடியாது. அதை முழுதாக எடுப்பது மாற்று ஈரல் பொருத்தும்போது மட்டுமே. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவரிடம் நீட்டும் ஒப்புதல் படிவத்தில் 'கல்லீரல் நீக்கம்' என்று இருந்தால் அவர் என்ன நினைப்பார்? 'கல்லீரல் பகுதி நீக்கம்' என்பதே சரியான சொல். 'கல்லீரல் அறுவை' என்பது பிழையில்லை, ஆனால் என்ன செய்யப்போகிறார்கள் என்று அது சொல்வதில்லை.

இப்படிப் பகுதியாக எடுக்க முடிவதற்கு ஈரலின் அமைப்பே காரணம். பிரெஞ்சு மருத்துவர் கிளோட் குய்னோ 1957இல் அதை 8 கூறுகளாகப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு கூறுக்கும் ரத்தம் வரவும் பித்தம் வடியவும் தனிக் கிளை உண்டு. நோயில்லாத ஈரலில் ஏறக்குறைய 70 சதவீதம் வரை எடுத்தாலும், மிச்சம் வளர்ந்து வேலையை ஏற்றுக்கொள்ளும். சிரோசிஸ் வந்து, அதாவது தழும்பேறி இறுகி, சுருங்கிய ஈரலுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

கர்ப்ப காலத்தில் நோயைக் கண்டுபிடிப்பதே சிக்கல். ஈரல் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் ஆல்ஃபா ஃபீட்டோ புரதத்தைக் கருவின் ஈரலும் சுரப்பதால், தாயின் ரத்தத்தில் அது இயல்பாகவே கூடியிருக்கும். அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. கதிர்வீச்சு இல்லாத அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் கைகொடுக்கின்றன.

அறுவை அரங்கிலோ நெருக்கடி இன்னும் கூடுதல். ஈரலை அறுக்கும்போது ரத்தப்போக்கைக் குறைக்க, பெரிய சிரைகளில் அழுத்தத்தைத் தாழ்த்தி வைப்பது மயக்க மருத்துவர்களின் வழக்கம். நஞ்சுக்கொடிக்கோ தாயின் ரத்த ஓட்டம் குறையவே கூடாது. ஒன்றுக்கு நல்லது மற்றதற்கு ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவே நிமிடத்துக்கு நிமிடம் அளவு பார்த்துக்கொண்டே போக வேண்டும். 20 வாரம் தாண்டியவரை மல்லாக்கப் படுக்கவைத்தால், இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெருஞ்சிரையைக் கருப்பை அழுத்தும். அதனால் இடப்பக்கம் சற்றுச் சாய்த்துக்கொள்வார்கள்.

வேளையைப் பொறுத்தவரை நான்காவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை ஓரளவு தோதானது. குழந்தையின் உறுப்புகள் உருவாகி முடிந்திருக்கும். கருப்பையும் மேல்வயிற்றை அடைக்கும் அளவுக்கு வளர்ந்திருக்காது. நிறைமாதத்தை நெருங்கியபின் நோய் தெரியவந்தால் முதலில் பிரசவம், அப்புறம் ஈரல் என்ற வரிசையைப் பெரும்பாலும் எடுக்கிறார்கள். குறைமாதப் பிரசவம் ஆகும்போல் இருந்தால், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்குத் தாய்க்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். ஆனால் கட்டி வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கசிய ஆரம்பித்துவிட்டால் மாதக் கணக்குப் பார்க்க நேரமிருக்காது. உடனே கசிவை நிறுத்தியாக வேண்டும்.