புல்-அப் ஸ்டாண்டு வாங்கியாச்சா? முதலில் காலைத் தரையில் வையுங்கள்

தோள் வலி, முழங்கை வலி என்று வருகிறவர்களிடம் என்ன வேலை, எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குகிறீர்கள், எப்போதாவது கீழே விழுந்தீர்களா என்றெல்லாம் கேட்பது எங்கள் வழக்கம். இப்போது அந்த வரிசையில் இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது: "வீட்டில் புல்-அப் ஸ்டாண்டு ஏதாவது வாங்கினீர்களா?" வலி தொடங்கிய நாளும் ஸ்டாண்டு வந்த நாளும் பல நேரம் ஒரே மாதத்துக்குள் இருக்கும்.

பவர் டவர் என்றும் சொல்வார்கள். அகலமான அடிச்சட்டத்தில் நிற்கும் ஆளுயர இரும்புக் கருவி. உச்சியில் தொங்குவதற்கும், தாடை கம்பிக்கு மேல் வரும்வரை உடம்பை இழுத்து ஏற்றும் புல்-அப்புக்கும் குறுக்குக் கம்பி, இடுப்பு உயரத்தில் டிப்ஸ் எடுக்க, அதாவது கைகளை ஊன்றி உடம்பை இறக்கி ஏற்ற, இரண்டு கைப்பிடிகள், முதுகைச் சாய்த்துக் காலைத் தூக்க ஒரு மெத்தை, முழங்கை ஊன்றத் திண்டு. இயன்முறை மருத்துவராகச் சொல்கிறேன், நல்ல கருவிதான். நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு முதுகுத் தசைகளையும் கைப்பிடி வலிமையையும் சேர்த்து வளர்க்க, இவ்வளவு குறைந்த இடத்தில் வேறு கருவி கிடைப்பது கஷ்டம். நானே சிலருக்கு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

இதில் எனக்கு இருக்கும் குறை ஒன்றே ஒன்று. இந்தக் கருவியில் சின்ன எடை கிடையாது.

டம்பெல் என்றால் 2 கிலோவில் ஆரம்பிக்கலாம். ஜிம்மில் மேலிருந்து கேபிளை இழுக்கும் மெஷினில் ஊசியை மேலே செருகினால் 5 அல்லது 10 கிலோவோடு நிறுத்திக்கொள்ளலாம். கம்பியில் அந்த வசதி இல்லை. 75 கிலோ ஆள் முதல் நாளே ஒவ்வொரு கையிலும் 37 கிலோவுக்கு மேல் தாங்குகிறார். வாழ்க்கையில் தலைக்கு மேல் ஒரு பையைக்கூடத் தூக்கிப் பழகாத தோளுக்கு இது முதல் பாடம்! இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். தசை சில வாரங்களில் பலம் பெறும். தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண் பழகுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். "நேற்றுவரை நன்றாகத்தான் ஏறினேன், இன்றைக்குத் திடீரென்று வலி" என்று வருபவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். தசை தயாராகிவிட்டது, தசைநாண் தயாராகவில்லை.

தோளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். மேற்கை எலும்பின் உருண்டைத் தலைக்கும் அதன் மேல் கூரையாக நீட்டிக்கொண்டிருக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். அந்தச் சந்துக்குள்தான் தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் ரொட்டேட்டர் கஃப் என்ற தசைகளின் தசைநாண்களில் ஒன்றும், உராய்வைக் குறைக்கும் ஒரு மெல்லிய பையும் இருக்கின்றன. கையைத் தலைக்கு மேல் உயர்த்தும்போது முதுகுப் பக்கத் தோள்பட்டை எலும்பும் கூடவே சுழன்று வழிவிட வேண்டும். அது சரியாக நகராவிட்டால் சந்து நெருக்கும், உள்ளே இருப்பது உரசும்.

அதனால் நான் முதலில் பார்ப்பது எத்தனை புல்-அப் எடுக்கிறார் என்பதை அல்ல, எப்படித் தொங்குகிறார் என்பதை. பெரும்பாலானவர்கள் கம்பியைப் பிடித்ததும் உடம்பை அப்படியே விட்டுவிடுவார்கள். தோள் இரண்டும் காதோடு ஒட்டிக்கொள்ளும், கழுத்து உள்ளே போய்விடும். எடை முழுவதும் தசையை விட்டுவிட்டு மூட்டைச் சுற்றியுள்ள உறையிலும், எலும்போடு எலும்பைக் கட்டும் தசைநார்களிலும் தொங்கும். நல்ல தோளுக்கு இதுவும் ஒன்றும் செய்யாது, நிதானமாக அந்த நிலைக்குப் போனால். ஆனால் அங்கிருந்து வெடுக்கென்று மேலே இழுப்பதுதான் பிரச்சினை.

சரி, என்ன செய்யலாம்? ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் கால் ஊன்றியபடி கம்பியைப் பிடியுங்கள். முழங்கையை மடக்காதீர்கள். தோள்களை மட்டும் காதிலிருந்து கீழே இறக்குங்கள். சரியாகச் செய்தால் கை நீண்டபடியே இருக்கும், உடம்பு மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு மேலே வரும். அந்த நிலையில் ஐந்து நொடி நின்று மெதுவாகத் தளர்த்துங்கள். பார்ப்பதற்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆனால் முதல் நாள் இதை முழங்கை மடங்காமல் செய்பவர்கள் குறைவு, நல்ல புஜம் உள்ள இளைஞர்களிலும் அப்படித்தான். இது கைவரும்வரை காலை ஸ்டூலிலிருந்து எடுக்க வேண்டாம்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, இடுப்புக்குப் பின்னால் இருக்கும் வளைவு பெரிதாகாமல், இரு கைகளையும் நேராக மேலே உயர்த்திக் கட்டைவிரலால் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிறதா? முடியாவிட்டால் உங்கள் தோளிலோ மேல்முதுகிலோ இறுக்கம் இருக்கிறது. கம்பியைப் பிடிக்கும்போது அந்தப் பற்றாக்குறையை இடுப்பு வளைந்து ஈடுகட்டும். புல்-அப் எடுத்தால் இடுப்பு வலிக்கிறது என்கிறவர்களின் ரகசியம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. சில வாரம் மேல்முதுகை நெகிழ்த்தும் பயிற்சிகளைச் செய்துவிட்டு வந்தால் போதும்.

அடுத்த கட்டம், கால் பாதி எடையைத் தாங்கியபடி மேலே போவது. ஸ்டூலில் கால் இருப்பதால் உதவியின் அளவை நீங்களே கூட்டலாம், குறைக்கலாம். ரெசிஸ்டன்ஸ் பேண்டு என்ற இழுபடும் ரப்பர் பட்டையைக் கம்பியில் மாட்டி அதில் காலை வைத்து ஏறுபவர்களும் உண்டு. அதுவும் நல்ல வழிதான். ஆனால் பேண்டில் கீறல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். இழுபட்ட பேண்டு காலிலிருந்து நழுவினாலோ அறுந்தாலோ நேராக முகத்துக்குத்தான் வரும்.

அப்புறம்தான் இறங்கும் பயிற்சி. ஸ்டூலின் உதவியால் தாடை கம்பிக்கு மேல் வரும் நிலைக்குப் போய், காலை எடுத்துவிட்டு, மூன்று நான்கு நொடியில் மெதுவாக இறங்குவது. மேலே ஏற வலு இல்லாதவருக்கும் இறங்க வலு இருக்கும் என்பதால் இதைவிட வேகமாகப் பலன் தரும் வழி அரிது. ஆனால் எச்சரிக்கையும் இங்கேதான். தசை சுருங்கும்போது வேலை செய்வதைவிட, நீண்டுகொண்டே எடையைத் தாங்கும்போது அதன் இழைகள் அதிகம் சேதமாகும். முதல் வாரம் நான்கைந்து முறையோடு நிறுத்துங்கள். ஒரு நாள் செய்தால் அடுத்த இரண்டு நாள் விடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நண்பர்களோடு பந்தயம் கட்டியோ, ஏதோ ஒரு சவால் வீடியோவைப் பார்த்தோ, பழக்கமில்லாமல் ஒரே நாளில் ஐம்பது நூறு என்று செய்கிறவர்களுக்கு ரேப்டோமயோலிசிஸ் என்ற நிலை வரலாம். அளவுக்கு மீறிச் சிதைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். புல்-அப் இதற்குப் பேர்போன பயிற்சிகளில் ஒன்று. சாதாரண உடற்பயிற்சி வலி ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகக் குறையும், கையை அசைக்க அசைக்க இளகும். இது அப்படி இருக்காது. கை வீங்கி விறைத்துப்போகும், முழங்கையை நீட்டவோ மடக்கவோ முடியாது, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். சிறுநீர் நிறம் மாறினால் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள், வலி மாத்திரையும் போடாதீர்கள், சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குக் கூடுதல் சுமை. நேராக மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் விஷயம் தெரிந்துவிடும். நேரத்தோடு போனால் பெரும்பாலும் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றியே சரிசெய்துவிடுவார்கள்.

தோளுக்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது முழங்கை. உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனையைத் தொட்டுப் பாருங்கள். விரல்களையும் மணிக்கட்டையும் மடக்கும் தசைகளில் பல அங்கேதான் கட்டப்பட்டிருக்கின்றன. கம்பியை இறுக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு நொடியும் இழுபடுவது அந்த ஒரு சிறு இடம். அங்கே அழுத்தினால் வலிக்கிறது, ஈரத்துணியைப் பிழியும்போது சுள்ளென்கிறது என்றால் கம்பிக்குச் சில வாரம் விடுமுறை கொடுங்கள். உள்ளங்கை இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி பிடிக்கும் கைப்பிடி சில ஸ்டாண்டுகளில் இருக்கும். தோளுக்கும் முழங்கைக்கும் பெரும்பாலானவர்களுக்கு அதுதான் இதமான பிடி. வாங்கும்போதே அது இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.

கழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைசி இரண்டு அங்குலத்துக்குக் கை வராதபோது தாடையை வானத்தைப் பார்த்து நீட்டி, கம்பியைத் தாண்டிவிட்டதாகக் கணக்கு எழுதுவோம். அந்த எண்ணிக்கையால் முதுகுக்கு லாபம் இல்லை, மறுநாள் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

ஸ்டாண்டுக்கு வருவோம். அசையாமல் தொங்கும்போது உங்கள் எடை நேர் கீழே இறங்குகிறது. ஆட ஆரம்பித்தால் கதை வேறு. முன்னும் பின்னும் 30 டிகிரி அளவுக்கு ஆடினால், நடுவில் வரும் நொடியில் கையிலும் கம்பியிலும் விழும் இழுவை உடல் எடையைவிடக் கால் பங்குக்கு மேல் கூடிவிடும். பக்கவாட்டுத் தள்ளலும் சேர்வதால் ஸ்டாண்டின் ஒரு பக்கக் கால்கள் தரையை விட்டு எழும்பும். பெட்டியில் போட்டிருக்கும் கிலோ கணக்கை உங்கள் எடையோடு ஒப்பிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள், தாராளமாக இடைவெளி இருக்கட்டும். காலை உதறி வேகம் எடுத்து ஏறும் முறை வீட்டு ஸ்டாண்டுக்கு வேண்டவே வேண்டாம். அது தோள் மூட்டின் விளிம்புக் குருத்தெலும்புக்கும் நல்லதில்லை. எம்பிக் குதித்துக் கம்பியைப் பிடிப்பதும், முடிந்ததும் தொப்பென்று குதிப்பதும் இதே ரகம்தான். ஸ்டூலில் ஏறிப் பிடியுங்கள், ஸ்டூலிலேயே இறங்குங்கள்.

ஆட்டத்தில் நட்டுகள் தளரும். மாதம் ஒரு தடவை ஸ்பேனரால் எல்லாவற்றையும் முடுக்குங்கள். கால்களுக்கு அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். வாசல் நிலையில் திருகி நிறுத்தும் கம்பி என்றால் இன்னும் கவனம். அதைத் தாங்கிப் பிடித்திருப்பது வெறும் உராய்வுதான், ஒவ்வொரு முறையும் பாதி எடையைக் கொடுத்துச் சோதித்துவிட்டுத் தொங்குங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கு இது விளையாட்டுச் சாமான்தான். ஏற உதவும் ஸ்டூலை வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

டிப்ஸ் கைப்பிடியில் இறங்கும்போது மேற்கை தரைக்கு இணையாக வந்ததும் நின்றுவிடுங்கள். அதற்குக் கீழே போனால் தோளின் முன்பக்க உறைதான் இழுபடும். கால் தூக்கும் பயிற்சியில் முதுகு மெத்தையை விட்டு விலகினால் அன்றைக்கு அது போதும்.

பெற்றோர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கம்பியில் தொங்கினால் பிள்ளை உயரமாவானா? மாட்டான். உயரம் வளர்வது எலும்பின் முனைகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகளில். அதை நிர்ணயிப்பது பரம்பரை, ஹார்மோன், சத்துள்ள உணவு. பருவ வயது முடியும்போது அந்தத் தட்டுகள் மூடிக்கொள்ளும், அதன் பிறகு எதில் தொங்கியும் பயனில்லை. தொங்கியதும் அளந்தால் கொஞ்சம் கூடியிருக்கிறதே என்பார்கள். முதுகெலும்புகளுக்கு இடையில் உள்ள வட்டுகள் பகல் முழுக்க அமுங்கி நீர் இழப்பதால், காலையில் இருந்ததைவிட மாலையில் நாம் எல்லோருமே ஒரு சென்டிமீட்டர் வரை குட்டைதான். தொங்கும்போது அதில் கொஞ்சம் மீளும், நடமாடினால் மறுபடி அமுங்கும். இடுப்பு வலிக்காரர்களுக்குத் தொங்கினால் சுகமாக இருப்பதற்கும் இதுவே ஒரு காரணம். சுகம் வரும், வட்டுப் பிதுக்கம் அதனால் குணமாகாது. பிள்ளை ஆசைப்பட்டால் தொங்கட்டும், தாராளமாக. உயரத்துக்காக விரட்டாதீர்கள்.

தொங்கினால் தோள் வலி போய்விடும் என்ற பேச்சும் இணையத்தில் சுற்றுகிறது. சில தோளுக்கு உண்மையிலேயே இதமாக இருக்கும். ஆனால் ஒருமுறையாவது தோள் நழுவியவர்கள், ரொட்டேட்டர் கஃப் கிழிந்தவர்கள், இறுகிய தோள் என்னும் ஃப்ரோசன் ஷோல்டர் வந்து இரவில் வலியால் விழிக்கிறவர்கள் இதைத் தாங்களாகவே முயலக் கூடாது. இறுகிய தோள் நாற்பது வயதுக்கு மேல், குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, அதிகம் வரும். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இறுக்கிப் பிடித்து மூச்சை அடக்கும்போது அழுத்தம் சட்டென்று ஏறும். யாராக இருந்தாலும் ஏறும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

கடைசியாக, எந்த வலிக்குப் பொறுத்திருக்கலாம், எதற்கு வர வேண்டும்? முதுகிலும் அக்குளுக்குக் கீழேயும் இரண்டு நாள் சதை வலித்தால் பரவாயில்லை. தோளின் உச்சியில் குத்துகிறது, சட்டை மாட்டும்போது வலிக்கிறது, விரல்களில் மரத்துப்போவது கம்பியை விட்ட பிறகும் தொடர்கிறது என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு ஒரு வாரத்துக்குள் காட்டுங்கள். கையைத் தூக்கவே முடியவில்லை என்றால் அன்றைக்கே. வலி வருவதற்கு முன் நீங்கள் புல்-அப் எடுத்த வீடியோ ஏதாவது போனில் கிடந்தால் எடுத்து வாருங்கள், முதுகுப் பக்கத்திலிருந்து எடுத்ததாக இருந்தால் ரொம்ப நல்லது. தோள்பட்டை எலும்பு எந்த இடத்தில் நகராமல் நின்றுவிடுகிறது என்பதைப் பல நேரம் அதிலேயே பார்த்துவிடலாம்.