கட்சி என்ற சொல்லுக்குள் இரண்டு கட்சி

பென்னாகரம் பக்கம் எங்கள் சொந்தத்தில் ஒரு புளியமரத் தகராறு. மரம் வரப்பு ஓரத்தில் நிற்கிறது. அண்ணன், தம்பி இருவருமே உலுக்கும் உரிமை கேட்கிறார்கள். ஊர்ப் பெரியவர் அண்ணன் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, தம்பி பக்கம் திரும்பினார். "சரிப்பா, உன் கச்சி என்ன, சொல்லு." என்னோடு வந்திருந்த கல்லூரிப் பையன், "இவர் எந்தக் கட்சின்னு ஏன் கேக்கறாங்க?" என்று என் காதருகே கேட்டான். பெரியவர் கேட்டது கொடியை அல்ல, வாதத்தை.

கட்சி என்றால் இன்று நமக்குக் கொடி, சின்னம், தலைவர், உறுப்பினர் அட்டை. ஆனால் ஒருவர் எடுத்துப் பேசும் வாதத்துக்கும் கட்சி என்றுதான் பெயர். காமன் பண்டிகை லாவணியில் 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' என்று இரண்டு உண்டு. மன்மதன் எரிந்தான் என்று ஒருவர் பாட, எரியவில்லை என்று மற்றவர் மறுத்துப் பாடுவார். அங்கே கட்சி என்பதே அவர் நிலைநாட்ட வந்த பேச்சுதான். அதை விட்டுவிட்டால் அவருக்குக் கட்சியே இல்லை.

நீதிமன்றத்தில் இந்தப் பொருள் பாதி உயிரோடு இருக்கிறது. வழக்கறிஞர் "என் கட்சிக்காரர்" என்று சொல்வது அவர் யாருக்காக வாதாடுகிறாரோ அவரை. ஓசூர்ப் பக்கம் மூன்று மொழியும் காதில் விழும். கன்னடத்தில் வழக்காடுபவர் 'கக்ஷிதார', தெலுங்கிலும் 'கக்ஷிதாரு'. அதே தெலுங்கில் 'கக்ஷ' என்றால் பகை, வன்மம். ஒரே சொல் ஒரு வீட்டில் வாதமாகவும் பக்கத்து வீட்டில் பகையாகவும் இருப்பது என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது.

'கக்ஷ' என்ற வடசொல்லுக்கு அக்குள், விலாப்புறம், பக்கம் என்று பொருள். நம் கட்சியை அதோடு சேர்த்துப் பார்ப்பது வழக்கம். சங்கத் தமிழிலும் ஒரு 'கட்சி' உண்டு. புறநானூறு 157இல் 'கட்சி காணாக் கடமான் நல்லேறு' வருகிறது. அங்கே விலங்கு தங்கும் இடம் என்று பொருள். அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வாதம், அமைப்பு என்ற இந்த இரண்டு பொருளையும் பிரித்துப் பார்க்க, ஓசூர் அருகே தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1942இல் காங்கிரசை விட்டு விலகினார், திரும்பி வந்தார், 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கினார். 1967இல் திமுகவோடு அணி, 1971இல் அதே திமுகவுக்கு எதிராகக் காமராசரோடு அணி. 1937இல் ஆட்சிக்கு வந்து 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர், 1960களில் இந்தித் திணிப்பை எதிர்த்தார். ஆனால் 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினாரே, அன்று தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதற்குள்தான் இருந்தன, அந்த வாதத்தை மட்டும் அவர் கைவிடவே இல்லை. 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டபோதும் எதிர்த்து நின்றார். அமைப்பு மாறியது, மொழி பற்றிய பேச்சு மாறியது, மது பற்றிய கட்சி மாறவில்லை.

இன்றைய கட்சிகளுக்கு வருவோம். திமுக 1999இல் பாஜகவோடு, 2004இல் காங்கிரசோடு. அதிமுக 2023இல் பாஜகவை விட்டு விலகி 2025இல் மீண்டும் சேர்ந்தது. எங்கள் மாவட்டத்தில் செல்வாக்குள்ள பாமக 2009இல் அதிமுக அணி, 2011இல் திமுக அணி, 2014இல் பாஜக அணி, 2016இல் தனித்து. காரிமங்கலம் போகும் வழியில் ஒரு சுவரில் மழைக்குச் சுண்ணாம்பு உரிந்து, தாமரைக்கு அடியில் இலையும் அதற்கும் அடியில் சூரியனும் தெரிந்ததைப் பார்த்திருக்கிறேன். மூன்றுக்கும் ஒரே வீட்டுச் சுவர்.

இங்கே பேச்சு வழக்கைக் கவனியுங்கள். ஆள் போனால் "தாவிட்டார்" என்கிறோம். கட்சியே போனால் "அந்தப் பக்கம் சேந்துடுச்சு" என்று மென்மையாகச் சொல்லிவிடுகிறோம். சட்டமும் அப்படித்தான். 1985இல் 52வது திருத்தமாக வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் தாவிய சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினரின் பதவியைப் பறிக்கும். அமைப்பே வாதத்தை மாற்றிக்கொண்டால் அந்தச் சட்டம் கேட்காது. நம்பி ஓட்டுப் போட்டவருக்கு இரண்டும் ஒரே வலிதான்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'தரப்பு' நல்ல தமிழ் என்று பலர் எழுதுகிறார்கள். அது உருது வழியாக வந்த 'தரஃப்'. 'கழகம்' தமிழ், ஆனால் திருக்குறளில் அது சூதாடும் இடம். 1944 சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆன பிறகு அந்தச் சொல்லைச் சில அமைப்புகளின் பெயராகவே கேட்டுப் பழகிவிட்டோம். தேர்தல் சேர்க்கைக்கு 'அணி', 'கூட்டணி' அருமையான சொற்கள். அமைப்புக்குக் 'கட்சி'யே இருக்கட்டும், அது நம்மோடு கலந்துவிட்டது. மாறுகிற ஒன்றைச் சொல்ல 'நிலைப்பாடு' என்று தனியாக எழுதுங்கள். "கட்சி மாறியது" என்று எழுதினால் யார் மாறினார், எது மாறியது என்பது மறைந்துபோகிறது.

தம்பியின் கட்சி இதுதான்: மரம் அண்ணன் நிலத்தில் நின்றாலும் காய் பாதிக்கு மேல் தன் கொல்லையில் விழுகிறது. ஒரு வருசம் அண்ணன், ஒரு வருசம் தம்பி என்று முடித்துவைத்தார்கள்.