வறட்சியில் சோம்புக்கு ஜிங்க்: வாடும் முன்பே தெளிக்க வேண்டும்

குஜராத்தின் மெஹ்சானாவிலும் ராஜஸ்தானின் சிரோஹியிலும் ராபி (குளிர்காலப்) பருவச் சோம்பு பெரும்பாலும் பாசன நீரை நம்பித்தான் நிற்கிறது. கிணறு வற்றி ஒரு தண்ணீர் தவறினால், செடிக்குத் தாகத்தோடு துத்தநாகப் (ஜிங்க்) பற்றாக்குறையும் சேர்ந்து வருகிறது. மண்ணில் துத்தநாகம் வேரை நோக்கி நகர்வது, மண்துகள்களைச் சுற்றியுள்ள மெல்லிய நீர்ப்படலம் வழியாகத்தான். மண் காய்ந்தால் அந்தப் படலம் அறுந்துவிடும். போதாததற்கு இப்பகுதிகளில் களர்த்தன்மையும் சுண்ணாம்பும் கலந்த மண் பரவலாக உண்டு. கார அமில நிலை (pH) ஒரு புள்ளி ஏறினாலே துத்தநாகத்தின் கரைதிறன் சுமார் 100 மடங்கு குறையும். அடியில் போட்ட ஜிங்க் சல்பேட் மண்ணிலேயே கிடக்க, செடி பட்டினி கிடக்கும். இலைவழியாகக் கொடுப்பது இதனால்தான்.

தண்ணீர் குறைந்ததும் இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன, கரியமில வாயு உள்ளே வருவதில்லை. வெயிலோ குறைவதில்லை. பயன்படாத அந்த ஒளியாற்றல் ஆக்சிஜன் மீது பாய்ந்து, சூப்பராக்சைடு என்ற நச்சு வடிவம் உருவாகி, செல் சவ்வுகளை அரிக்கிறது. அதை முறிக்கும் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதியின் ஒரு முக்கிய வகைக்குத் தாமிரமும் துத்தநாகமும் தேவை. வேர், தண்டு வளர்ச்சிக்கான ஆக்சின் ஹார்மோனும் துத்தநாகம் குறைந்தால் குறையும். ஆனால் துத்தநாகம் தண்ணீருக்கு மாற்றாகாது. வறட்சிச் சேதத்தை அது குறைக்கும், அவ்வளவே.

அளவு 0.5 சதவீதக் கரைசல். 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட் (21 சதவீதத் துத்தநாகம் உள்ள ஹெப்டாஹைட்ரேட் வகை), 25 கிராம் நீர்த்த சுண்ணாம்பு. ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிப்பதானால் ஒரு கிலோவும் அரை கிலோவும். ஜிங்க் சல்பேட் கரைசல் அமிலத்தன்மை உடையது. தனியாக அடித்தால் இலைநுனி கருகும், அதற்குத்தான் சுண்ணாம்பு. அதை இரவே தனி வாளியில் ஊறவைத்து, மேலே தெளிந்த நீரைத் துணியில் வடிகட்டிச் சேர்க்கவும். சுண்ணாம்பு மிகுந்தால் துத்தநாகம் ஹைட்ராக்சைடாகப் படிந்து இலைக்குள் போகாது. 33 சதவீத மோனோஹைட்ரேட் என்றால் 10 லிட்டருக்கு 32 கிராம் போதும். மூட்டையில் எந்தச் சதவீதம் என்று பார்க்காமல் எடை போடக் கூடாது.

சோம்பு இலை நூல்போல மெலிந்தது, மேலே மெழுகுப் பூச்சும் உண்டு. பெரிய துளிகள் உருண்டு கீழே விழும். நுண்துளி விடும் நாசிலும், பரப்பு ஒட்டுத் திரவமும் இல்லாவிட்டால் மருந்தில் பாதி மண்ணுக்குத்தான் போகும்.

நேரம்தான் இதில் எல்லாவற்றையும்விட முக்கியம். ஏற்கெனவே வாடித் தொங்கும் இலை எடுத்துக்கொள்வது மிகக் குறைவு. ஆகவே பாசனம் தள்ளிப்போகும் என்று தெரிந்தால், கடைசித் தண்ணீர் பாய்ந்து செடி விறைப்பாக நிற்கும் ஓரிரு நாளுக்குள் அடித்துவிட வேண்டும். பொதுவாக விதைத்து 45 நாள் வாக்கில் ஒன்று, பூங்கொத்து வெளிவருமுன் இன்னொன்று. வெயில் தாழ்ந்த மாலையில் தெளித்தால் துளி மெல்லக் காயும், இரவெல்லாம் உறிஞ்சப்படும். பூத்த பிறகு பகலில் தெளிக்க வேண்டாம், தேனீக்கள் வரும் நேரம் அது.

பாஸ்பேட் உரமான டிஏபி கரைசலோடு கலந்தால் துத்தநாக பாஸ்பேட் வெள்ளையாகப் படிந்து நாசிலை அடைக்கும். அது வேறு நாள் தனியாகப் போகட்டும்.

ஒருமுறை இலைவழியாகத் தெளிக்கும் துத்தநாகம் ஏக்கருக்கு ஏறத்தாழ 210 கிராம்தான். மண்ணில் செடிக்குக் கிடைக்கும் துத்தநாகத்தை அளக்கும் டிடிபிஏ பரிசோதனையில் 0.6 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 0.6 பங்கு) கீழே வந்தால், அடுத்த விதைப்பில் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மக்கிய தொழுவுரத்தோடு கலந்து அடியிலும் இடவும்.