ஏஐ மைனரும் கொலுசுப் பட்டறை நோட்டும்

நாலாவது செமஸ்டர் முடியும் சமயத்தில், அடுத்து எந்தப் பாடம் எடுக்கலாம் என்று கேட்டு சேலம் அஸ்தம்பட்டியில் என்னைத் தேடி வரும் இன்ஜினியரிங் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் ஒரே வார்த்தையோடு வருகிறார்கள்: "சார், ஏஐ மைனர் எடுத்துடலாம்னு இருக்கேன்." மைனர் என்பது சொந்தப் பாடத்தோடு இன்னொரு துறையின் பேப்பர்களையும் கூடுதலாகப் படிப்பது. ஏன் அது என்று கேட்டால், "எல்லாரும் எடுக்கறாங்க."

போன வருஷம் வந்த மெக்கானிக்கல் மாணவனும் அப்படித்தான். கூடவே அப்பா, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. முதலில் கணக்கைச் சொன்னேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி மைனருக்கு 18 கிரெடிட் (ஒவ்வொரு பேப்பருக்கும் உள்ள எடை) கூடுதலாக வேண்டும். மூன்று கிரெடிட் பேப்பர் என்றால் ஆறு. பிளேஸ்மென்ட்டும் புராஜெக்டும் கழுத்தை நெரிக்கும் அதே காலத்தில் இந்த ஆறும். பையன் முகம் கொஞ்சம் வாடியது. பட்டத்தோடு இன்னொரு பெயர் சேரும் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்திருந்தது. (அரியர் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். முதலில் அதை முடியுங்கள்.)

அப்பாவிடம் கேட்டேன், பட்டறையில் எது தலைவலி என்று.

"வெள்ளி விலைதான் சார். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அப்புறம் உருக்கறதுல, ராவறதுல போற சேதாரம். நோட்டுல எழுதித்தான் வெக்கிறோம், யாரு எடுத்துப் பாக்கறா?"

பல வருஷத்து நோட்டு வீட்டிலேயே கிடக்கிறது. அதற்குத் தோதாக, அதே விதிமுறையில் மைனருக்கென்று பிசினஸ் டேட்டா அனலிடிக்ஸ் (வியாபாரக் கணக்குகளை அலசுவது), தொழில்முனைவு என்ற பிரிவுகளும் இருக்கின்றன. பாடத்திட்டத்தைப் போனில் திறந்து யூனிட் யூனிட்டாகப் படிக்கச் சொன்னேன். பெயரைப் பார்த்து எடுப்பவர்கள்தான் அதிகம். உன் கல்லூரியில் அதை யார் நடத்துகிறார், போன பேட்ச்சில் எத்தனை பேர் பாதியில் விட்டார்கள் என்று சீனியரிடம் கேள் என்றேன். விதிமுறைப் புத்தகத்தில் இருக்கும் மைனர் எல்லாம் எல்லாக் கல்லூரியிலும் நடப்பதில்லை.

கலை அறிவியல் கல்லூரிகளில் கதை வேறு. அலைடு பாடத்தை (முதன்மைப் பாடத்தோடு சேர்த்துப் படிக்கும் துணைப் பாடம்) பல இடங்களில் துறையே முடிவு செய்துவிடும். அதனால் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். ஏற்காட்டிலிருந்து வந்த ஒரு பி.காம் பெண்ணுக்கு எம்.சி.ஏ. என்ற கம்ப்யூட்டர் மேல்படிப்பில் ஆசை. பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்பது அதற்குப் பல இடங்களில் கேட்ட தகுதி. பிளஸ் டூவில் அவளுக்குக் கணிதம் இல்லை. கல்லூரியில் கணிதப் பேப்பர் எடுக்க வாய்ப்பு இருந்தது. "கஷ்டம்" என்று யாரோ சொன்னதால் வேறொன்றை எடுத்துவிட்டாள். என்னிடம் வந்தபோது மூன்றாம் வருஷம்.

கொலுசுப் பட்டறைப் பையன் இரண்டு வாரம் கழித்து வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். மஞ்சள் படிந்த நோட்டு, அப்பாவின் கோணல் கையெழுத்து. கீழே ஒரு கேள்வி: "சார், எக்செல்ல சேதாரத்தை கிராமா போடணுமா, சதவீதமாவா?"