அந்தச் சிவப்பு விளக்கின் மேல் டேப் ஒட்டாதீர்கள்

சாலிகிராமத்தில் ஒரு மாடி அறை. கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர் காலையிலேயே போன் செய்திருந்தார். "அண்ணே, நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா ஓடிச்சு. இப்போ டிரைவே காட்டல." போய்ப் பார்த்தேன். மேசைக்கு அடியில் நான்கு டிஸ்க் போடும் ரெய்டு பெட்டி, அதாவது பல ஹார்ட் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே டிரைவாகக் காட்டும் பெட்டி. முன்பக்கம் விளக்குகள் எரிய வேண்டிய இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது. இருட்டில் உட்கார்ந்து கலர் பார்க்கும்போது அந்த வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். டேப்பை உரித்தேன். இரண்டாவதும் நான்காவதும் சிவப்பு.

"பீப் சத்தம் ஏதாவது வந்துச்சா தம்பி?"

"மூணு வாரம் முன்னாடி கத்திக்கிட்டே இருந்துச்சுண்ணே. பின்னாடி ஒரு பட்டன் இருந்துச்சு, அமுக்கினேன், நின்னுடுச்சு."

இரண்டாவது ஸ்லாட்டில் இருந்த டிஸ்க் செத்தது அந்த நாளில்தான். ரெய்டில் பல வகை உண்டு, அவர் போட்டிருந்தது ரெய்டு 5. ஒரு டிஸ்க் போனாலும் மற்ற மூன்றை வைத்துக்கொண்டு அது வேலையை நிறுத்தாமல் ஓட்டிவிடும். மூன்று வாரம் அப்படித்தான் ஓடியிருக்கிறது. முந்தைய இரவு நான்காவது ஸ்லாட் டிஸ்க்கும் கைவிட்டது. உள்ளே பதினோரு கல்யாணங்கள். வேறு எங்கும் பிரதி இல்லை. "ரெய்டுதானே அண்ணே பேக்கப்பு" என்றார்.

ஸ்டோரேஜ் அமைத்துக் கொடுப்பதும், போன டேட்டாவை மீட்டுக் கொடுப்பதும் என் வேலை. பெட்டி வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு ஸ்பீடு வரும்?" என்பதைத்தான். நான் திருப்பிக் கேட்பது வேறு: ஒரு டிஸ்க் சாகும் நாளில் நீங்கள் என்ன செய்வீர்கள்? அந்த நாள் வரும். ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டிக் கணக்கு வெளியிடும் பேக்பிளேஸ் நிறுவனத்தின் 2023 பட்டியலில், ஓராண்டில் பழுதான டிஸ்க்குகள் 1.7 சதவீதம். குளிரூட்டிய டேட்டா சென்டரிலேயே இந்தக் கணக்கு. நம் எடிட் அறையின் தூசி, சூடு, வோல்டேஜ் ஏற்ற இறக்கம் எல்லாம் அதில் இல்லை.

ரெய்டு என்ற பெயர் 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில் வந்தது. பெரிய கம்ப்யூட்டர்களுக்கான விலை உயர்ந்த ஒற்றை டிஸ்க்குக்குப் பதிலாக, விலை குறைந்த சிறு டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்து ஓட்டலாம் என்பது அவர்கள் சொன்ன வழி. டிஸ்க் எண்ணிக்கை கூடினால் ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடும் அல்லவா? அப்படிப் பழுதானாலும் வேலை நிற்காமல் இருக்கத்தான் கூடுதல் தகவலை எழுதி வைக்கிறார்கள். வேலை நிற்காமல் இருப்பது, அவ்வளவுதான் அதன் பொறுப்பு. நீங்கள் தவறுதலாக ஃபோல்டரை அழித்தால் ரெய்டும் உடனே அழிக்கும். வைரஸ் ஃபைல்களைப் பூட்டினால் நான்கு டிஸ்க்கிலும் பூட்டியதுதான் இருக்கும். பெட்டியையே யாராவது தூக்கிக்கொண்டு போனால் நான்கும் சேர்ந்தே போகும்.

அதனால் என் முதல் பரிந்துரை வியாபாரத்துக்கு எதிரானது. ரெய்டு பெட்டி, பிரதி எடுக்கும் டிஸ்க் இரண்டில் ஒன்றுக்குத்தான் கையில் காசு இருக்கிறது என்றால் ரெய்டு பெட்டி வாங்காதீர்கள். இரண்டு பெரிய தனி டிஸ்க் வாங்குங்கள். ஒன்றில் வேலை செய்யுங்கள், இன்னொன்றில் தினமும் பிரதி எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். ரெய்டு அதற்கு அடுத்த படி.

இனி ஸ்பீடு. கேமராவில் 4கே 25 ஃபிரேமில் எடுத்ததை ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூ என்ற, எடிட்டிங்குக்கான பெரிய ஃபைல் வகையாக மாற்றினால் விநாடிக்குச் சுமார் 92 மெகாபைட் ஓடும். ஒரு மணி நேரத்துக்கு 330 ஜிபி பிடிக்கும். மூன்று கேமராவின் படத்தையும் ஒரே நேரத்தில் பார்த்து வெட்டும் மல்டிகேமில் ஓட்டினால் 276 மெகாபைட். 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் ஒன்று காலியாக இருக்கும்போது 200 முதல் 250 மெகாபைட் வரை தரும். நிரம்ப நிரம்ப, தட்டின் உள்வட்டத்துக்குப் போகப் போக, கிட்டத்தட்ட பாதியாகக் குறையும். ஆகவே இந்த வேலைக்கு ஒற்றை டிஸ்க் திணறும், நான்கு டிஸ்க் ரெய்டு தாராளமாகத் தாங்கும்.

ஆனால் கல்யாண எடிட்டர்கள் பலர் ப்ரோரெஸில் வேலை செய்வதில்லை. கேமராவிலிருந்து நன்றாகச் சுருக்கப்பட்டு வந்த ஹெச்.265 ஃபைலை அப்படியே டைம்லைனில் போடுகிறார்கள். அது விநாடிக்கு 12 முதல் 25 மெகாபைட்தான். அதற்குச் சாதாரண டிஸ்க்கே போதும். டைம்லைன் திக்கினால் காரணம் பெரும்பாலும் டிஸ்க் அல்ல, அந்த ஃபைலைப் பிரித்துப் படிக்கக் கம்ப்யூட்டர் படும் பாடு. பெரிய தொகை கொடுத்துப் பெட்டி வாங்கிய பிறகும் திக்கல் நிற்கவில்லை என்று வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும். வெட்டுவதற்கு மட்டும் சிறிய, லேசான நகல் ஃபைல், அதாவது ப்ராக்ஸி, போட்டிருந்தால் முடிந்திருக்கும். 1080இல் ப்ரோரெஸ் ப்ராக்ஸி விநாடிக்கு 5 மெகாபைட் அளவுதான். வாங்குவதற்கு முன் ஒரு நாள் ப்ராக்ஸியில் வெட்டிப் பாருங்கள். திக்கல் நின்றால், அந்தப் பணத்தைப் பிரதி எடுக்கும் டிஸ்க்குக்குப் போடுங்கள்.

கேபிளில் ஒரு ஏமாற்றம் இருக்கிறது. யுஎஸ்பி-சி என்பது முனையின் வடிவம் மட்டுமே. அதே வடிவத்துக்குள் 5 ஜிகாபிட்டும் ஓடும், 10 ஜிகாபிட்டும் ஓடும், தண்டர்போல்ட் 3 அல்லது 4 என்றால் 40 ஜிகாபிட்டும் ஓடும். போனுக்கு வந்த சார்ஜிங் கேபிளைப் பெட்டியில் சொருகிவிட்டு 40 மெகாபைட்தான் வருகிறது என்பவர்கள் உண்டு. அந்தக் கேபிளுக்குள் பழைய யுஎஸ்பி 2 கம்பிகள்தான் இருக்கும். நான்கு ஹார்ட் டிஸ்க் பெட்டிக்கு 10 ஜிகாபிட் யுஎஸ்பி போதும். தண்டர்போல்ட்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பது ஆறு, எட்டு டிஸ்க் போடும்போதோ, உள்ளே எஸ்எஸ்டி போடும்போதோதான் அர்த்தமாகும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து எடிட் செய்யும் இடம் என்றால் நாஸ் வேண்டும், அதாவது நெட்வொர்க் வழியாக எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் டிஸ்க் பெட்டி. சாதாரண 1 ஜிகாபிட் லைனில் 110 மெகாபைட்தான் வரும், 10 ஜிகாபிட் ஸ்விட்சும் கார்டும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பெட்டியை விட முக்கியம் உள்ளே போடும் டிஸ்க். எஸ்எம்ஆர் என்ற வகையில் டேட்டா எழுதும் தடங்கள் ஓட்டு வீட்டின் ஓடுகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும். நடுவில் ஒன்றைத் திருத்தி எழுத அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். வாங்கிய புதிதில் தெரியாது. ஒரு டிஸ்க் செத்து, புதியதில் எல்லாவற்றையும் திரும்ப நிரப்பும்போதுதான் ஊர்ந்து ஊர்ந்து போகும், சில சமயம் நடுவிலேயே கழன்றுகொள்ளும். ரெய்டுக்கு, தடங்கள் அப்படி ஏறிக்கொள்ளாத சிஎம்ஆர் வகைதான் வாங்க வேண்டும். நாஸுக்கு என்று விற்கப்பட்ட சில டிஸ்க்குகளே எஸ்எம்ஆர் என்பது 2020இல் வெளியில் வந்து பெரிய பிரச்சினை ஆனது. ஆகவே பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பாமல், தயாரிப்பாளரின் பட்டியலில் மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். டெஸ்க்டாப் டிஸ்க்கும் வேண்டாம். படிக்க முடியாத இடம் வந்தால் அது விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். பதில் வரவில்லையே என்று ரெய்டு அதைச் செத்ததாக முடிவு கட்டிவிடும். நாஸ் டிஸ்க் சில விநாடிகளில் முயற்சியை விட்டுப் பதில் சொல்லிவிடும்.

ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், வந்தவுடன் சீரியல் நம்பரைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று, டிஸ்க் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் ரீடிங்கில் பாருங்கள். அந்த மணிக்கணக்கையே பூஜ்ஜியமாக்கிப் பழைய டிஸ்க்கைப் புதியது என்று விற்ற சங்கதி 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் அம்பலமானது. இரண்டையும் பார்க்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான். நான்கையும் ஒரே கடையில் ஒரே பேட்ச்சில் வாங்காமல் இருந்தால் இன்னும் நல்லது. ஒன்றாகப் பிறந்து ஒன்றாக ஓடியவை ஏறக்குறைய ஒன்றாகவே கிழடு தட்டும்.

எந்த ரெய்டு? நான்கு 8 டெராபைட் டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். ரெய்டு 0இல் 32 டெராபைட் முழுதும் கிடைக்கும், வேகமும் அதிகம், ஆனால் நான்கில் எது போனாலும் எல்லாம் போச்சு. போனாலும் திரும்ப உருவாக்கிக்கொள்ளக்கூடிய தற்காலிக கேஷ் ஃபைல் வைக்க மட்டும் பயன்படுத்துங்கள். ரெய்டு 5இல் 24 கிடைக்கும், ஒரு டிஸ்க் சாகலாம். ரெய்டு 6இலும் ரெய்டு 10இலும் 16 கிடைக்கும். 6இல் எந்த இரண்டும் சாகலாம். 10இல் டிஸ்க்குகள் ஜோடி ஜோடியாக ஒரே டேட்டாவை வைத்திருக்கும், இரண்டாவது சாவு எந்த ஜோடியில் விழுகிறது என்பதைப் பொறுத்தது.

இங்கே யாரும் சொல்லாத கணக்கு, திரும்ப நிரப்பும் நேரம். 16 டெராபைட் டிஸ்க்கை விநாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் நிற்காமல் எழுதினாலே 22 மணி நேரம் ஆகும். நடுவில் நீங்கள் எடிட்டும் செய்தால் இரண்டு மூன்று நாள்கூட இழுக்கும். அத்தனை நேரமும் மீதி டிஸ்க்குகள் ஓரம் முதல் ஓரம் வரை படிக்கப்படுகின்றன, ரெய்டு 5 என்றால் காப்பு எதுவும் இல்லாமல். தனியாகப் பிரதி இருக்கிறது என்றால் நான்கு டிஸ்க்கில் ரெய்டு 5 போதும் என்பேன். ஆறும் அதற்கு மேலும் போனால் ரெய்டு 6 தவிர வேறு எதையும் நான் அமைத்துக் கொடுப்பதில்லை. அதோடு அதே அளவு டிஸ்க் ஒன்று பிரிக்காமல் அலமாரியில் இருக்க வேண்டும். செத்த அன்று கடை தேடி அலையக் கூடாது.

டிஸ்க் நன்றாக இருந்து பெட்டி சாவதும் உண்டு. ஹார்ட்வேர் ரெய்டு பெட்டி என்றால் பெரும்பாலும் அதே மாடல் இன்னொன்று கிடைத்தால்தான் டிஸ்க்குகளைப் படிக்கும். ஊர் பேர் தெரியாத பெட்டியை மலிவாக வாங்கினால் நான்கு வருடம் கழித்து அதே மாடலை எங்கே தேடுவது? யுபிஎஸ் இல்லாமல் பெட்டியை ஓட்டாதீர்கள். பேரிட்டி, அதாவது ரெய்டு எழுதி வைக்கும் அந்தக் கூடுதல் தகவல், எழுதப்படும் நடுவில் கரண்ட் போனால் டேட்டாவும் பேரிட்டியும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும், அது தெரிய வருவது டிஸ்க் சாகும்போதுதான். மேக், விண்டோஸ் இரண்டிலும் ஓடட்டும் என்று எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்கிறார்கள். அதில் ஜர்னல் (எழுதப்போவதை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவு) கிடையாது, எழுதும்போது கேபிள் பிடுங்கப்பட்டால் ஃபோல்டரே காணாமல் போகலாம்.

சாலிகிராமத்துத் தம்பி ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்: எதையும் தொடவில்லை. பின்னால் மோட் மாற்றும் டயலைத் திருப்பிப் பார்க்கலாமா என்று யோசித்தாராம். திருப்பி ரீசெட்டை அமுக்கியிருந்தால் பெட்டி நான்கையும் புதிதாகக் கட்டத் தொடங்கியிருக்கும். உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள். ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஸ்லாட் எண்ணை மார்க்கரில் எழுதிவிட்டு வெளியே எடுங்கள். ரீபில்டு, இனிஷியலைஸ் எதையும் அமுக்காதீர்கள்.

மூன்று வாரம் முன்பே செத்த இரண்டாவது டிஸ்க்கில் இருந்தது பழைய நிலவரம், அது உதவாது. நேற்றிரவு விழுந்த நான்காவதைத்தான் நம்ப வேண்டியிருந்தது. அதைச் செக்டர் செக்டராகக் குளோன், அதாவது அச்சு அசல் நகல், எடுக்க மட்டும் ஐந்து நாள் ஆனது. படிக்கவே முடியாத இடங்கள் சில கடைசி வரை படிக்கவில்லை. ஒன்று, மூன்று, நான்கின் குளோன் மூன்றையும் வைத்துக் கோத்தபோது பத்துக் கல்யாணங்கள் முழுதாக வந்தன. பதினோராவதில் ஒரு கேமராவின் முகூர்த்த கிளிப் மட்டும் உடைந்திருந்தது. கெட்டிமேளம் கேட்கிறது, படம் கட்டம் கட்டமாகச் சிதறி நிற்கிறது. மண்டபத்தின் பின்னாலிருந்து எடுத்த இரண்டாவது கேமராவில் தாலி கட்டுவது தெரிகிறது, முகங்கள் தெரியவில்லை. பெண் வீட்டாருக்கு அந்தத் தம்பியே போன் செய்து சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

இப்போது ஆறு டிஸ்க் பெட்டி, ரெய்டு 6. வாரா வாரம் பிரதி எடுத்த டிஸ்க் அவர் அக்கா வீட்டு பீரோவுக்குப் போகிறது. பெட்டியை மானிட்டருக்குப் பக்கத்தில், கண் படும் உயரத்தில் வைத்திருக்கிறார்.